டீச்சரம்மா வீட்டு வெள்ளி முகம்

போன வாரம் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போவதற்காக ஊரப்பாக்கத்தில் ரயில் ஏறினேன். பெருங்களத்தூரில் சுமதி ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அங்கே புதிதாக வந்த அடுக்குமாடியில் ஐந்து வீடுகளில் வேலை செய்கிறவள். உட்கார்ந்ததும் போனை எடுத்து ஒரு வீடியோ காட்டினாள். பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, ஆப்ப சோடாவும் உப்பும் போட்டு, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, கறுத்துப்போன வெள்ளி ஸ்பூன்களை அதில் முக்கினார்கள். எடுத்தபோது ஸ்பூன்கள் பளபளவென்று இருந்தன.

"பாத்தியா ரோசம்மாக்கா, கையே படல. நீ இன்னாத்துக்கு முப்பது வருசமா குந்திகினு தேச்ச?" என்றாள்.

பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் தாம்பரம் வந்துவிட்டது. அவள் இறங்கிக் கூட்டத்தோடு போய்விட்டாள். அவளுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. எழுத்துக்கூட்டி, ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் வரும். மெதுவாக எழுதியதை மெதுவாகவே படித்துக்கொள்ளுங்கள்.

நான் வீட்டு வேலைக்குப் போனவள். பெருக்கினேன், துடைத்தேன், துணி துவைத்தேன். அதையெல்லாம் யாரும் செய்வார்கள். ஆனால் சிட்லபாக்கத்திலும் சானடோரியம் பக்கத்திலும் பண்டிகை வந்தால் வெள்ளிக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். "ரோசம்மா வந்தாச்சா? அப்புறம் பீரோவத் திறக்கலாம்" என்று சொன்ன வீடுகள் உண்டு. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

கற்றுக்கொண்ட கதை பெரிதாக ஒன்றும் இல்லை. முதல் வருடம் பித்தளை தேய்க்கிற பொடியைப் போட்டு ஒரு வெள்ளிக் கிண்ணத்தைக் கீறல் கீறலாக ஆக்கினேன். இரண்டாம் வருடம் பல்பொடி போட்டேன். அது பூ வேலைப்பாட்டுக்குள் போய் உட்கார்ந்து வெளியே வரமாட்டேன் என்றது. மூன்றாம் வருடம் கைக்குப் புரிந்தது. அவ்வளவுதான்.

புரிந்தது என்னவென்றால், வெள்ளியில் கறுப்பு ஒரே மாதிரி இல்லை. விளக்கில் இருப்பது எண்ணெயும் புகையும் சேர்ந்த பிசுக்கு. அதைத் தண்ணீரில் போட்டால் போகாது. முதலில் கடலை மாவை உலர்வாகத் தூவித் துணியால் எடுக்க வேண்டும். சந்தனக் கிண்ணத்தில் இருப்பது காய்ந்த பற்று. அதற்குப் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீர், வெதுவெதுப்பாக, அரை மணி. பீரோவில் சும்மா இருந்து கறுத்தது வேறு. முதலில் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும், கடைசியில் கறுக்கும். அதற்கு விபூதிதான். மல் துணியில் சலித்த விபூதியை விரலில் தொட்டு, பழைய வேட்டித் துணியால், ஒரே பக்கமாக இழுக்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் வெயிலில் வட்டம் வட்டமாகத் தெரியும். பூ வேலைக்கு ஈர்க்குச்சியில் பஞ்சு சுற்றிக்கொள்வேன். முடிந்ததும் ஒவ்வொன்றையும் உடனே துடைத்து மல் துணியில் கட்ட வேண்டும். செய்தித்தாளில் சுற்றவே கூடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை உண்டு. பொருளைக் கையில் எடுத்ததும் நகத்தால் ஒரு தட்டு. டங் என்றால் முழு வெள்ளி. தட் என்று மந்தமாகக் கேட்டால் உள்ளே அரக்கு இருக்கிறது. மெல்லிய தகட்டில் செய்த பழைய சாமான்கள் நசுங்காமல் இருக்க உள்பக்கம் அரக்கு ஊற்றுவார்கள். அரக்குச் சாமான் பக்கத்தில் வெந்நீரே வரக்கூடாது.

டீச்சரம்மா வீட்டுக்கு நான் சேர்ந்தபோது அவர் கணக்கு டீச்சராகப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். என்னைவிட நாலு வயது மூத்தவர். சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. முதல் வருடம் வரலட்சுமி நோன்புக்கு வெள்ளியெல்லாம் எடுத்து வைத்தார். அதில் அம்மன் முகம் ஒன்று இருந்தது. அவருடைய மாமியார் கொடுத்தது. கலசத்துத் தேங்காயின் மேல் பொருத்தி, பாவாடை கட்டி, நகை போட்டுக் கும்பிடுவார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ரோசம்மா, நீ சர்ச்சுக்குப் போறவதானே?"

"ஆமாம்மா."

"அம்மன் முகத்தைத் தொட உனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லையே?"

நான் தொட்டால் அவருக்கு ஆட்சேபணை இருக்குமோ என்று நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் எனக்கு இருக்குமோ என்று கேட்டார். அப்போதே அந்த வீடு எனக்குப் பிடித்துப்போயிற்று.

"இல்லம்மா. விபூதி மட்டும் நீங்க குடுத்துடுங்க, எங்க வூட்ல இருக்காது" என்றேன்.

டீச்சரம்மா திட்டமாட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் துலக்கி முடித்ததும் ஜன்னல் ஓரம் பிரம்பு நாற்காலியில் உட்காருவார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்வார். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். அடியில் பார்ப்பார், கைப்பிடி சேருகிற இடத்தில் பார்ப்பார். சரியாக இருந்தால் வலது பக்கம் வைப்பார். சரியில்லை என்றால் இடது பக்கம். ஒரு வார்த்தை பேசமாட்டார். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரிதான். கடைசியில் இடது பக்கம் இருப்பதை நான் எடுத்துக்கொண்டு போய் மறுபடியும் உட்கார வேண்டும். இடது பக்கம் ஒரு குங்குமச் சிமிழ் போனாலும் அன்றைக்குக் காபி எனக்குத் தொண்டையில் இறங்காது. நாலைந்து வருடத்துக்குப் பிறகு இடது பக்கம் எதுவும் போகவில்லை. ஆனாலும் அவர் பார்ப்பதை விடவில்லை. பெட்டியில் வைக்கும்போது ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு சாக்பீஸ் போடுவார். ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். அது அவர் எனக்குக் கொடுத்த வித்தை. மற்ற வீடுகளில் நான் சாக்பீஸ் கேட்டபோது சிரித்தார்கள். அடுத்த வருடம் பெட்டியைத் திறந்தபோது சிரிக்கவில்லை.

நான் தப்பே செய்யாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்று சொல்கிறேன். பெருங்களத்தூரில் ஒரு சின்ன ஜோடி, புதுக்கல்யாணம். வீட்டில் ஒரு பிள்ளையார். கன்னங்கரேல் என்று இருந்தது. இவ்வளவு கறுத்த வெள்ளியை நான் பார்த்ததே இல்லை. இதுங்களுக்கு வீடு வைத்துக்கொள்ளத் தெரியவில்லை, பாவம் என்று நினைத்து, அவர்கள் கேட்காமலே மூன்று மணி நேரம் உட்கார்ந்து தேய்த்தேன். தும்பிக்கை மடிப்பில் கூட ஒரு பொட்டுக் கறுப்பு விடவில்லை. அந்தப் பெண் ஆபீஸிலிருந்து வந்தாள்.

"அக்கா, இங்க ஒரு பிள்ளையார் இருந்துச்சே?"

"இதோ கீதேம்மா."

"இது இல்லக்கா. கறுப்பா ஒண்ணு."

"அதான் இது."

அவள் சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, கறுப்பா இருக்கணும்னுதான் அதைத் தேடி வாங்கினோம். அது டிசைன்" என்றாள். அவள் புருஷன் உள்ளேயிருந்து வந்து பிள்ளையாரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. "விடு, குளிச்சிட்டு வந்திருக்காரு" என்றான். அதற்கப்புறம் எந்த வீட்டுக்குப் போனாலும் என் முதல் கேள்வி, "இதுல எது கறுப்பாவே இருக்கணும்?" என்பதுதான்.

இனி நான் சொல்ல வந்தது.

டீச்சரம்மா ரிட்டையர் ஆகி வெகுநாள் கழித்து அவர் பையனுக்குக் கல்யாணம் நடந்தது. மருமகள் பெயர் ஸ்வேதா. கம்ப்யூட்டர் வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே. நல்ல பெண். ஆனால் மாமியாரைப் பார்த்தால் ஸ்கூல் பிள்ளை மாதிரி எழுந்து நிற்கும். அந்த வருடம் அவளுக்குத் தலை நோன்பு. கல்யாணமாகி வருகிற முதல் வரலட்சுமி நோன்பு என்பதால் அவளுடைய அம்மா, அத்தை எல்லாரும் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது.

நோன்பு வெள்ளிக்கிழமை என்றாலும் அம்மனை அழைப்பது வியாழக்கிழமை சாயந்திரம், விளக்கு வைக்கும் நேரத்தில். மற்ற வெள்ளியை நான் புதன்கிழமையே முடித்துவிடுவேன். முகத்தை மட்டும் வியாழக்கிழமை மதியம் குளித்துவிட்டு வந்து துலக்குவது வழக்கம். அன்றைக்கும் அப்படித்தான் வந்தேன். டீச்சரம்மாவும் பையனும் தாழம்பூவும் வாழைக்கன்றும் வாங்கத் தாம்பரம் போயிருந்தார்கள்.

கதவைத் திறந்ததும் ஒரு வாசனை. போஸ்டாபீஸில் பார்சலுக்கு முத்திரை வைப்பார்களே, அந்த வாசனை. செருப்பைக் கழற்றினேனோ இல்லையோ, அடுப்படிக்கு ஓடினேன்.

ஸ்வேதா மேடையில் சாய்ந்து நின்றிருந்தாள். அடுப்பின் மேல் பெரிய பாத்திரம். உள்ளே அலுமினியத் தாள். தண்ணீர் பழுப்பாக இருந்தது. அதில் அரக்குக் கட்டி கட்டியாக மிதந்தது. பக்கத்தில் ஒரு தட்டில் அம்மன் முகம். கறுப்பெல்லாம் போய் வெளுத்துத்தான் இருந்தது. ஆனால் மூக்கு உள்ளே போயிருந்தது.

"இன்னாம்மா பண்ணி வச்சிருக்க?" என்றேன்.

"நீங்க வர்றதுக்குள்ள முடிச்சு அத்தைக்கு சர்ப்ரைஸா காட்டலாம்னு பாத்தேன்க்கா. எடுக்கும்போது வழுக்கிடுச்சு. இடுக்கியால கொஞ்சம் அழுத்திப் பிடிச்சேன்."

"மூக்கப் புடிச்சா தூக்குன?"

"வேற எங்கக்கா பிடிக்கிறது? அதுதான் வெளிய நீட்டிட்டு இருந்துச்சு."

சிரிக்கிற சமயம் இல்லை. அரக்கு இளகிவிட்டால் உள்ளே தாங்குவதற்கு எதுவும் இல்லை. மேலே இருப்பது சிகரெட்டு அட்டைக்குள் வருகிற வெள்ளிக் காகிதம் மாதிரித் தகடு. இடுக்கி பிடித்ததும் மடங்கிவிட்டது.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அத்தை வந்தா நீங்க செஞ்சதுன்னு சொல்றீங்களா? உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. எத்தனை வருஷப் பழக்கம். நான் வந்து எட்டு மாசம்தான் ஆகுது. எங்கம்மா வேற நாளைக்கு வர்றாங்க. எல்லார் முன்னாடியும்..."

எனக்கு இரக்கம் வந்தது. உண்மையைச் சொன்னால், சரி என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. என்னை அவர் திட்டமாட்டார்தான். ஆனால் அடுத்த வருடம் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பீரோவிலிருந்து வெள்ளி வரும், அம்மன் முகம் வராது. "அதை நானே பாத்துக்கறேன் ரோசம்மா" என்பார். பெருக்குகிற வேலை இருக்கும், காபி இருக்கும். என் வேலை என்று நான் வைத்திருந்தது போய்விடும்.

"மாட்டேன்மா" என்றேன். "நான் வெந்நீர்ல அத போடல. போட்டேன்னு என் வாயால சொல்ல மாட்டேன். ஆனா மூக்க நிமித்திப் பாக்குறேன். தகடு கிழிஞ்சா அது என் கை செஞ்சது, அத நானே சொல்லுவேன். அமுக்குனத நீதான் சொல்லணும். நீ சொல்லலன்னாலும் நான் வாயத் திறக்க மாட்டேன். அது உன் பாடு."

"மத்து எடுத்துகினு வா. பச்சரிசி ரெண்டு ஆழாக்கு, பழைய வேட்டித் துணி" என்றேன். ஓடிப்போய்க் கொண்டு வந்தாள்.

நான் ஆசாரி இல்லை. நசுங்கிய வெள்ளியை அதற்கு முன் நிமிர்த்தியதும் இல்லை. தட்டில் அரிசியைக் கொட்டி, நடுவில் குழி செய்து, மேலே துணி விரித்தேன். முகத்தைக் குப்புற வைத்தேன். உள்பக்கம் மூக்கிடுக்கில் ஒட்டியிருந்த அரக்கைச் சூட்டோடு விரலால் வழித்தேன். மத்துக் காம்பின் முனையில் துணி சுற்றி, உள்ளேயிருந்து மெல்ல ஒரு அழுத்து. எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் நகரவில்லை. இன்னொரு அழுத்து. லேசாக ஒரு சத்தம் கேட்டது. ஸ்வேதா கண்ணை மூடிக்கொண்டாள். கிழிசல் இல்லை, மடிப்பு விட்ட சத்தம்தான். அப்படியே, கொஞ்சம் அழுத்துவது, எடுத்துப் பார்ப்பது, மறுபடி வைப்பது. முப்பது தடவையாவது இருக்கும். மூக்குத்தண்டு எழும்பி வந்தது. வருடா வருடம் துலக்கிய முகம்தான், ஆனாலும் எவ்வளவு எழும்ப வேண்டும் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. அந்த முகத்தின் போட்டோ எல்லாம் டீச்சரம்மா பீரோவில் பூட்டியிருந்தது. இடது கை விரலால் என் மூக்கைத் தடவிப் பார்த்துப் பார்த்து வலது கையால் அழுத்தினேன்.

தண்ணீரில் மிதந்த அரக்கைப் பொறுக்கித் துடைத்து இரும்புக் கரண்டியில் போட்டுச் சின்னத் தீயில் காட்டினேன். தேன் மாதிரி இளகியது. உள்பக்கம் ஊற்றி ஆறவிட்டேன். ஆறியதும் நகத்தால் தட்டினேன். தட் என்றது. உயிர் வந்தது எனக்கு. பிறகு விபூதி போட்டு ஒரே பக்கமாக இழுத்துத் துடைத்து முடிக்கவும், வாசலில் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

டீச்சரம்மா கால் கழுவிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்தார். புதன்கிழமைச் சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வலது பக்கம் வைத்தார். கடைசியில் முகத்தை எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பினார். கட்டைவிரலால் மூக்கின் மேல் ஒரு தடவை தடவினார். மறுபடியும் தடவினார்.

"ரோசம்மா."

"ம்மா."

"மூக்கு?"

நான் தரையைப் பார்த்தேன். ஸ்வேதா பூக்கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டீச்சரம்மாவின் கை முகத்தோடு இடது பக்கம் நகர ஆரம்பித்தது. அத்தனை வருடத்தில் அந்த முகம் ஒரு தடவை கூட இடது பக்கம் போனதில்லை.

"அத்தை, நான்தான்" என்றாள் ஸ்வேதா. குரல் உடைந்திருந்தாலும் நிறுத்தவில்லை. வீடியோ, சோடா, இடுக்கி, என்னைப் பொய் சொல்லக் கேட்டது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். கடைசியில் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. அதை அவள் விட்டிருக்கலாம்.

டீச்சரம்மா முழுக்கக் கேட்டார்.

"அந்த வீடியோல அம்மன் முகத்தையா போட்டாங்க?"

"இல்ல அத்தை. ஸ்பூன்."

"ஸ்பூனுக்கு மூக்கு இல்லம்மா" என்றார். குரலில் கோபம் இல்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ ஏன் சொல்லல?"

"நான் செஞ்சதக் கேட்டிருந்தா சொல்லிருப்பேன். நிமித்துனது நான். மத்தது அவங்க சொல்ல வேண்டியதும்மா."

முகத்தை மடிக்குக் கொண்டுவந்து வைத்தார்.

"ஒரு நிமிஷம் உன்னைத்தான் நினைச்சேன் ரோசம்மா."

"தெரியும்மா. கை இடது பக்கம் போச்சே."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. நினைத்ததை மறைக்காமல் என் முகத்துக்கு நேராகச் சொன்னாரே, அது எனக்குப் போதும். முதலாளிகள் பலரைப் பார்த்திருக்கிறேன். மனதில் நினைத்ததை வேலைக்காரியிடம் ஒப்புக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி முகத்தைப் பார்த்தார். "எங்க மாமியார் குடுத்த முகத்துல மூக்கு சப்பையா இருக்கும். இது அந்த மூக்கு இல்ல."

"கொஞ்சம் தூக்கலாப் போச்சும்மா."

"இது உன் மூக்கு ரோசம்மா."

ஸ்வேதா என்னையும் அம்மனையும் மாறி மாறிப் பார்த்தாள். அழுத கண்ணோடு ஒரு சிரிப்பு வெடித்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். டீச்சரம்மாவுக்கும் தோள் குலுங்கியது. அவர் அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கண்ணாடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவர் சொன்னது சரிதான்.

"நோன்பு முடிஞ்சதும் ஆசாரிகிட்ட குடுத்துச் சரி பண்ணிடலாம் அத்தை" என்றாள் ஸ்வேதா.

"எதுக்கு? இதுக்கு என்ன குறைச்சல்?" என்று முகத்தை எடுத்துக்கொண்டு டீச்சரம்மா பூஜை அறைக்குப் போனார். விளக்கு வைக்கும் நேரம் ஆகியிருந்தது.

மறுநாள் வந்த பெண்களில் ஒருத்தி, "என்ன டீச்சர், இந்த வருஷம் அம்மன் கொஞ்சம் மிடுக்கா இருக்காங்க?" என்று கேட்டாளாம். "ஆமா, எங்க வீட்ல இருக்கறவங்க எல்லாருமே அப்படித்தான்" என்றாராம் டீச்சரம்மா. அன்றைக்கு அம்மா, அத்தை எல்லார் முன்னாலும் ஸ்வேதாதான் ஆரத்தி எடுத்தாள். இடுக்கிக் கதையை யாரும் சொல்லவில்லை.

அதற்கடுத்த இரண்டு வருடமும் பீரோவைத் திறந்ததும் முதலில் அந்த முகத்தைத்தான் எடுத்து என் கையில் வைத்தார். அப்புறம் என் விரல் மூட்டுகள் மடங்கவில்லை. வேலையை நானாகத்தான் நிறுத்தினேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஊரப்பாக்கத்து வீட்டில் மகனோடு இருக்கிறேன். காலையில் மெதுவாக எழுந்திருக்கிறேன். குறை ஒன்றும் இல்லை.

இந்த வருடம் நோன்புக்கு முகத்தை ஸ்வேதாவே துலக்கினாள், விபூதி போட்டு. வியாழக்கிழமை சாயந்திரம் போனில் கூப்பிட்டாள். அடுத்து வருவதை எங்கள் சர்ச் ஃபாதரிடம் நான் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவேண்டாம். அம்மன் முகத்தைப் போனுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உங்க மூக்கத் துலக்கியாச்சு, பாருங்க" என்றாள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கன்னம் சரி. நெற்றி சரி.

"இன்னும் கொஞ்சம் கிட்டக் காட்டு" என்றேன். காட்டினாள். "இடது மூக்கோரத்துல விபூதி நிக்குது பாரு. தொடச்சிடு."

அவள் துடைத்துக் காட்டிய பிறகுதான் போனை வைத்தேன்.